இலை மேல் வெள்ளை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் அறைக்கு வந்தபோது, "நீ சிவில்காரன், காங்கிரீட்டைப் பத்தி ஏதாச்சும் எழுது" என்றார்கள். காங்கிரீட்டைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு இலையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். முதலாமாண்டு வேதியியல் செய்முறைத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவன் நான். அந்த மார்க் அவசரத்துக்கு உதவாமல், எங்கள் பெரியம்மாவின் நாற்பது தொட்டிகளில் பதினொன்றை என் கையாலேயே கருக்கினேன். அது எப்படி நடந்தது, எந்தச் சோதனையை முதலில் செய்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரியம்மா இருப்பது ஓசூர் பக்கம். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி, அதன் கீழே தொட்டிச் செடிகள் வளர்த்து விற்கிறார். சென்ற ஆண்டு குன்னூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனபோது, அங்கே தோட்டத்துக் கால்வாய் ஓரமாக வெள்ளை வெளேரென்று ஒரு பூ, புனலைச் சாய்த்து வைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் பூத்திருந்ததைப் பார்த்து மயங்கி, கிழங்கோடு இருபத்தெட்டுத் தூர் பிடுங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கால்லா லில்லி என்பது அதுதான். நீலகிரியில் ஈரமான இடங்களில் தானாகவே பரவி நிற்கும். பெயரில்தான் லில்லி, உண்மையில் நம் சேப்பங்கிழங்கின் குடும்பம். தாவரவியல் பெயரில் 'ஏத்தியோப்பிகா' என்று வருவதைப் பார்த்து எத்தியோப்பியா என்று நினைத்துவிடாதீர்கள். இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. 1826-இல் ஸ்ப்ரெங்கல் என்பவர் இதைத் தனிப் பேரினமாக்கி 'சான்டெடெஷியா' என்று பெயர் வைத்தார். நமக்குக் கால்லா போதும்.

இருபத்தெட்டோடு நிற்கவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கி, மஞ்சளும் ஊதாவும் பூக்கும் கலப்பினக் கிழங்குகள் பன்னிரண்டு, புதுத் தொட்டிகள், புது நிழல்வலை என்று இறங்கிவிட்டார். மேடை அலங்காரம் செய்பவர் ஒருவர், பங்குனிக் கடைசி முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து தொட்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணமும் கொடுத்திருந்தார். அந்த வாடகையில் குழுக் கடனின் பாதி அடைந்துவிடும் என்பது பெரியம்மாவின் கணக்கு.

இங்கேதான் நான் நுழைகிறேன்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். சமையலறையில் புதிதாக ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருந்தார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீர் வருவதற்குள் இரண்டு குடத்துக்கு மேல் கழிவுத் தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "பெரியம்மா, இவ்வளவு தண்ணியை வீணடிக்கலாமா? ஒரு பக்கெட்டுல புடிச்சு வச்சு செடிக்கு ஊத்துங்க. பாக்கச் சுத்தமாத்தானே இருக்கு" என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அன்றே ஆரம்பித்துவிட்டார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பூவாளியால் தலையோடு தலையாக ஊற்றுவார். இலை கழுவிய மாதிரி இருக்கும் என்று அவருக்கு ஒரு திருப்தி.

மார்ச் முதல் வாரம் போன் வந்தது. "டேய் தம்பி, செடியெல்லாம் மாவு கொட்டின மாதிரி வெள்ளையா இருக்குடா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கரும்பச்சையாக எண்ணெய் தடவிய மாதிரி மின்ன வேண்டிய இலைகள், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு அக்கா மாவுப்பூச்சி என்றார். பால்காரர் பனி என்றார். நானும் ஒரு பெரிய மனுஷன் மாதிரி இலையைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, மாவுப்பூச்சிதான் என்று தீர்ப்புச் சொன்னேன். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து நாற்பது தொட்டிக்கும் அடித்தோம். வெள்ளை போகவில்லை; அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அதன் மேல் தூசியும் படிந்தது.

நான்கு நாள் கழித்து மருந்துக் கடையில் விசாரித்தேன். செடியையும் பார்க்காமல், இலையையும் பார்க்காமல், "வெள்ளையா இருக்கா? சாம்பல் நோய்தான்" என்று நனையும் கந்தகத்தூள் ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு இலையைக் கிள்ளிக் கையில் எடுத்துப் போகாதது நான்தானே. பகல் பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், வேப்பெண்ணெய் அடித்து நான்கே நாளான இலைகளின் மேல் கந்தகத்தை அடித்தேன். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தேன். எண்ணெய் அடித்த செடிக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது கந்தகம் காட்டக்கூடாது. வெயில் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டும் நேரத்திலும் அடிக்கக்கூடாது. இரண்டையும் ஒரே நாளில் மீறியிருந்தேன்.

மூன்றாம் நாள், நிழல்வலையின் மேற்கு ஓரத்தில் வெயில் படும் இடத்தில் இருந்த பதினொரு தொட்டிகளின் இலைகள் ஓரத்தில் இருந்து உள்நோக்கிப் பழுப்பாகி, அப்பளம் மாதிரி நொறுங்கின. மிச்சம் இருந்தவற்றில் வெள்ளைக்கு மேல் மஞ்சள் வெள்ளையாகக் கந்தகப் படிவு வேறு. அலங்காரக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "நோய் புடிச்ச செடியை மேடையில வச்சா என் பேரு கெட்டுடும்மா" என்று முன்பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்பினேன். ஒரு இலையை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அண்ணனிடம் காட்டினேன். அவர் விவசாயக் குடும்பம். இலையை வாங்கியவர் மூன்று கேள்வி கேட்டார். "துடைச்சுப் பாத்தியா? புதுசா விரிஞ்ச இலையில இருக்கா? என்ன தண்ணி ஊத்துறீங்க?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்று கேள்விக்கும் ஒரு பைசா செலவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் மருந்துக்குச் செலவழித்தது அறுநூறு ரூபாய்.

இனி அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு பாடத்துக்கு வருவோம்.

முதலில் துடைத்துப் பார்ப்பது. ஈரமான பஞ்சை விரலில் சுற்றி இலையின் ஒரு இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். வெள்ளை பஞ்சோடு வந்துவிட்டால் அது இலையின் மேல் இருப்பது. வரவே இல்லை என்றால் இலைக்குள் இருப்பது, அல்லது கெட்டியாக ஒட்டிய உப்பு. இந்த இரண்டாவது வகையில் ஒரு வேடிக்கை உண்டு. கலப்பினக் கால்லாக்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே இலையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இலையைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்தப் புள்ளிகள் வழியாக வெளிச்சம் கண்ணாடி மாதிரி ஊடுருவும். அது அழகு, நோயல்ல. பெரியம்மாவின் பன்னிரண்டு கலப்பினத்தில் ஐந்துக்கு அப்படிப் புள்ளி உண்டு. அதையும் சேர்த்து நோய் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

துடைத்தும் போகாமல், இலை வெள்ளிக் கோடு இழுத்த மாதிரி பளபளத்து, ஊடே ஊடே கரும்புள்ளி இருந்தால் அது இலைப்பேன். வெள்ளை அங்கே பொருளாக இல்லை. பூச்சி சாற்றை உறிஞ்சிய பிறகு காற்றுப் புகுந்த வெற்று அறைகள்தான் வெள்ளியாகத் தெரிகின்றன. இலையின் அடியில் நுண்ணிய நூலாம்படை, மேலே ஊசி குத்திய மாதிரி வெளிறல் என்றால் செஞ்சிலந்தி. இரண்டுக்கும் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால் போதும். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் ஆள் அகப்பட்டான்.

துடைத்தால் வரும் வெள்ளைக்குத்தான் நிறைய முகங்கள். சாம்பல் நோய் என்றால் கோலமாவு சிதறிய மாதிரி வட்ட வட்டமாகத் தொடங்கும். வட்டத்தின் ஓரம் தெளிவில்லாமல் கலைந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பஞ்சு நூல் மாதிரி இழைகள் தெரியும். முக்கியமாக, இன்று துடைத்த இடத்தில் சில நாளில் மறுபடி வரும், தண்ணீர் படாத இடத்திலும் வரும், இளம் இலையை விட்டு வைக்காது. மாவுப்பூச்சி இலைப் பரப்பில் சீராகப் பூசிய மாதிரி இருக்கவே இருக்காது. காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும், அடி நரம்பை ஒட்டியும், பஞ்சுத் துணுக்காகக் கூடிக் கிடக்கும். எறும்பு ஊர்வலம் போகும். நசுக்கினால் விரலில் ஈரம் ஒட்டும். அசுவினி இருந்தால் வேறொரு ஏமாற்று: அது சட்டை உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள், பொடுகு உதிர்ந்த மாதிரி கீழ் இலைகளில் கிடக்கும். அவற்றைப் பார்த்துக் கீழ் இலையில் மருந்தடித்துப் பிரயோசனமில்லை. ஆட்கள் மேலே புதுக் குருத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

கால்லாவுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் இலை நுனியில் முத்து மாதிரி ஒரு சொட்டு தொங்கும். பனி என்று நினைப்போம். உண்மையில் அது செடி தானே கசிய விட்ட நீர். சேம்பு இலையிலும் இதைப் பார்க்கலாம். இரவில் வேர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இலைத்துளைகள் மூடியிருப்பதால் ஆவியாகப் போக வழியில்லை. அதனால் நுனியிலும் ஓரத்திலும் உள்ள நீர்த்துளைகள் வழியாகச் சொட்டாக வெளியேறுகிறது. வெறும் தண்ணீர் அல்ல, கொஞ்சம் உப்பும் கரைந்திருக்கும். வெயில் ஏறியதும் நீர் போய் உப்பு மட்டும் நுனியில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். இதற்கு மருந்தே தேவையில்லை. சாயங்காலம் ஊற்றும் தண்ணீரைக் காலைக்கு மாற்றினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

அடுத்த விடுமுறை நாளில் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த முறை லென்ஸோடு. மேல் இலையின் நிழலில், பூவாளித் தண்ணீர் படாமல் மறைந்திருந்த கீழ் இலைகள் சுத்தமாக இருந்தன. இரண்டு நாளுக்கு முன் சுருள் பிரிந்த இலையில் ஒன்றுமில்லை. இலையின் அடிப்பக்கம் பச்சை. மேற்பக்கத்தில், தண்ணீர் தேங்கிக் காயும் நடு நரம்புப் பள்ளத்திலும் நுனியிலும் வெள்ளை அதிகம். ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் ஓரம் தடித்த வளையம். இதெல்லாம் போதாதென்று பூவாளியின் கண்கள் வெள்ளையாக அடைத்திருந்தன. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. பக்கத்தில் இருந்த குரோட்டன் இலையிலும், தொட்டிக்கு முட்டுக் கொடுத்த செங்கல்லிலும் அதே வெள்ளை. செங்கல்லுக்குச் சாம்பல் நோய் வருமா? போன செமஸ்டரில்தான் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் செங்கல்லைத் தண்ணீரில் நிறுத்தி உப்புப் பூப்பதைப் பார்த்து ரெக்கார்டில் படம் வரைந்தேன். அதே உப்பு பெரியம்மா வீட்டுச் செங்கல்லில் பூத்து நின்றபோது கண்ணில் படவில்லை.

சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று, கந்தகம் படாத ஒரு குரோட்டன் இலையில் இருந்து வெள்ளையைச் சுரண்டிக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டோம். புசுபுசுவென்று நுரைத்துக் கரைந்தது. கார்பனேட். வீட்டிலேயே செய்ய வேண்டுமானால் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். நுரை லேசாகத்தான் வரும். லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கந்தகமோ பூஞ்சணமோ நுரைக்காது. ஆனால் ஒன்று: குவாரி, கிரஷர் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் கவனமாக இருங்கள். கருங்கல் தூசியும் வெள்ளையாகத்தான் படியும். அது அமிலத்தில் கரையாது, வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும்.

மூன்றாவது கேள்விக்கு ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான் பதில். முதலாமாண்டில் நாம் எல்லோரும் செய்ததுதான். இருபது மில்லி தண்ணீர், பி.எச். பத்தில் நிறுத்த அம்மோனியா பஃபர், கொஞ்சம் எரியோகுரோம் பிளாக்-டி, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் வரை ஈ.டி.டி.ஏ. 0.01 மோலார் கரைசல் ஒரு மில்லி செலவானால், ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினத்தன்மை. தேர்வில் கொடுத்த மாதிரியைத் தவிர வேறு எந்தத் தண்ணீரையும் அதுவரை நான் சோதித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெரியம்மா வீட்டு போர் தண்ணீருக்கு 10.4 மில்லி செலவானது, அதாவது லிட்டருக்கு 520 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியில்லாதபோது 600 வரை. ஆர்.ஓ. கழிவுக்கு 14.8 மில்லி, அதாவது 740. ஓட்டில் இருந்து பிடித்த மழைத்தண்ணீருக்கு அரை மில்லி கூட ஆகவில்லை.

ஏன் கழிவில் கூடியது? ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை. சவ்வு வழியாக நல்ல தண்ணீர் மட்டும் ஒரு பக்கம் போய்விட, எல்லா உப்பும் மிச்சத் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வருகிறது. பத்து லிட்டரில் மூன்று லிட்டர் குடிக்கப் பிரிந்தால், பத்து லிட்டர் உப்பும் ஏழு லிட்டரில். 520-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள், என் டைட்ரேஷனுக்கு ரொம்பத் தள்ளிப் போகாது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று நான் சொன்னேன் அல்லவா? கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அப்புறம் டைட்ரேஷன் எதற்கு.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு இலையை நனைப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்ததில் இரண்டு கிராம் வித்தியாசம். ஆக, ஒரு தடவை நனைந்து காய்ந்தால் இலையில் தங்குவது சுமார் ஒன்றரை மில்லிகிராம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று வாரம்: அறுபது மில்லிகிராமுக்கு மேல். மூன்று அரிசி மணியை மாவாக்கி ஒரு இலையில் தடவிய மாதிரி. "மாவு கொட்டின மாதிரி" என்று பெரியம்மா போனில் சொன்னது கிட்டத்தட்ட அளவோடு சரி. கொதிக்க வைத்து வடிகட்டிய பிறகு அதே கழிவு நீருக்கு 5.6 மில்லிதான் ஆனது. அதாவது பெரும்பகுதி பைகார்பனேட். தண்ணீர் காயும்போது அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கரையாத கார்பனேட்டாக இலையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் அடுத்த நாள் ஊற்றும் தண்ணீரும் அதைக் கழுவிக் கொண்டு போவதில்லை, மேலும் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போகிறது.

சரி, வைத்தியம்.

உப்புப் படிவுக்கு மருந்துக்கடையே வேண்டாம். ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் பதினைந்து மில்லி வெள்ளை வினிகர், அல்லது அரை மூடி எலுமிச்சை வடிகட்டிய சாறு. முதலில் ஒரே ஒரு இலையில் செய்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள் (இதை நான் இரண்டாம் முறைதான் கற்றுக்கொண்டேன்). இலையின் அடியில் ஒரு உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, நனைத்த பழைய காட்டன் துணியால் காம்பில் இருந்து நுனி நோக்கி நரம்போடு துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் இலை மடங்கிக் கீறும். கெட்டிப் பொருக்கு இருந்தால் நகத்தால் பெயர்க்காமல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு வெறும் மழைத்தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து அமிலத்தை எடுத்துவிடுங்கள். காலை நேரத்தில், நிழலில். பூவில் படக்கூடாது, கறை விழும். ஒரு செடிக்குப் பயன்படுத்திய துணியை அலசாமல் அடுத்ததற்குக் கொண்டு போகக்கூடாது. இலை மின்ன வேண்டுமென்று தேங்காயெண்ணெய், பால் தடவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டாம். இலைத்துளை அடைபடும், தூசி ஒட்டும். எண்ணெய்க்கு மேல் கந்தகம் பட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கால்லாவின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. சேம்பைச் சரியாக வேக வைக்காமல் தின்றால் தொண்டை அரிக்குமே, அதே சங்கதி. குழந்தையும் கன்றுக்குட்டியும் கடித்துவிடாத உயரத்தில் தொட்டி இருக்கட்டும்.

இலையைத் துடைத்தால் மட்டும் போதாது, மண்ணில் சேர்ந்த உப்பும் வெளியேற வேண்டும். தொட்டியின் விளிம்புப் பொருக்கோடு மேல்மண்ணை ஒரு விரல் கட்டை எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடிய விட வேண்டும். இதைச் செய்யும்போது என் இரண்டாவது தவறு. வெள்ளைக் கால்லா சதுப்பு நிலத்துப் பிள்ளை, எவ்வளவு ஈரமும் தாங்கும். கலப்பினக் கிழங்குகள் அப்படி இல்லை. அவற்றுக்கு வடிகால் வேண்டும், வெயில் காலத்து ஈரத்தில் மென்னழுகல் பாக்டீரியா புகுந்துவிடும். நான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழுவினேன். பத்து நாளில் மூன்று கலப்பினங்கள் கழுத்தில் ஒடிந்து விழுந்தன. தோண்டினால் கிழங்கு கூழாகி, மீன் கழுவிய தண்ணீர் நாற்றம். அவற்றுக்குப் புது மண்ணுக்கு மாற்றுவதுதான் சரியான வழி.

உண்மையாகவே சாம்பல் நோய் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் பட்ட இலையை வெட்டி எரித்துவிட்டு, தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் காற்று விடுங்கள். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் பாதி வழக்கு இதிலேயே முடியும். அப்புறமும் வந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம், சாயங்கால வேளையில், எண்ணெய் எதுவும் படாத இலையில், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு. பாக்கெட்டில் இருப்பதை முதலில் படியுங்கள். மாவுப்பூச்சிக்கு, நான்கைந்து செடிதான் என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பதே சிறந்தது. எறும்பைத் தடுக்காவிட்டால் மறுபடி வரும். அசுவினிக்குக் குருத்தைத் தண்ணீரால் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி விழுந்துவிடும்.

பெரியம்மா வீட்டில் இப்போது ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது; கொசு புகாமல் வாயில் துணி கட்டியிருக்கிறோம். மழை இல்லாத நாளில் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார், ஆனால் பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு, இலையில் படாமல் மண்ணோடு. கருகிய பதினொன்றின் இலைகளை அடியோடு வெட்டினோம். கிழங்கு செத்திருக்காது என்று அண்ணன் சொன்னது பலித்தது. ஆகஸ்டில் மழை பிடித்ததும் பதினொன்றும் துளிர்த்தன. கலப்பினத்தில் ஒன்பது மிச்சம். குழுக் கடனின் தவணையைப் பெரியம்மா பால் காசில் இருந்து கட்டிக்கொண்டிருந்தார். அலங்காரக்காரரைத் தேடிப் போய் நானே இலையைக் காட்டினேன். "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டார். "தண்ணிய மாத்தினோம்ணே" என்றேன். நம்பவில்லை, ஆனாலும் ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பதினெட்டுத் தொட்டி எடுத்துக்கொண்டார்.

ஆர்.ஓ. கழிவு பக்கெட் இன்னும் இருக்கிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அந்தத் தண்ணீர்தான். சித்தப்பா ஒரு நாள் அதில் பைக் கழுவி, டேங்கெல்லாம் வெள்ளைப் புள்ளியாகி, "இதுக்கென்னடா நோய்?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் பெரியம்மா ஒரு அட்டையில் கரிக்கட்டையால் எழுதி பக்கெட்டில் கட்டித் தொங்கவிட்டார்: "செடிக்கு ஊத்தாதே. தம்பி சொன்னாலும் ஊத்தாதே."